வலி ஊசி இரண்டு, அவசரம்

மருந்தாளுநர் சங்கத்திலிருந்து ஓர் இளைஞர் போன் செய்தார். மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். எனக்கு ஒதுக்கிய தலைப்பு ‘அனால்ஜெசிக்: சொல்லும் வரலாறும்’. “ரெண்டு பக்கம் போதும் மேடம். கிரேக்கம், லத்தீன் எல்லாம் நெட்ல கீது. நீங்க உங்க அனுபவத்த மேல கொஞ்சம் தூவி வுட்டீங்கன்னா போதும்” என்றார். முப்பத்து நான்கு வருடம் மருந்து கொடுத்தவளைக் கொத்தமல்லித் தழையாக்கிவிட்டார். சரி தம்பி என்று சொல்லிவிட்டேன்.

கிரேக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ‘அன்’ என்றால் இல்லாத. ‘அல்கோஸ்’ என்றால் வலி. இரண்டையும் ஒட்டினால் வலி இல்லாமை. அதைத் தருகிற மருந்து அனால்ஜெசிக். தமிழில் வலி நிவாரணி என்று எழுதுகிறோம். நிவாரணம் வடமொழிச் சொல். தடுப்பது, விலக்குவது என்று பொருள். எங்கள் பக்கத்தில் நிவாரணம் என்றால், வெள்ளம் வடிந்து மூன்று மாதம் கழித்துத் தாசில்தார் ஆபீசில் வரிசையில் நின்று வாங்குவது. லேட்டாக வரும், கம்மியாக வரும், கைநாட்டு வைத்தால்தான் வரும். மாத்திரைக்கு அந்தப் பெயரை வைத்தவர் நிச்சயம் அதைச் சாப்பிட்டுப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இளைஞர் கேட்டது இவ்வளவுதான். மீதியை அவர் கேட்காமலேயே எழுதுகிறேன்.

நான் தியாகதுருகத்துப் பெண். இரண்டு வருடம் மருந்தாளுநர் படிப்பு. அங்கே படித்ததில் பாதியை நானே மறந்தேன். மீதியை வேலைக்குச் சேர்ந்த அன்று மறக்கச் சொன்னார்கள். முதல் வேலை கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இப்போது பெரிய பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். இந்த வயதில் எனக்கு வம்பு வேண்டாம். ஒரு டாக்டர், இரண்டு நர்சுகள், எட்டுக் கட்டில்கள், ஒரு தலைமை மருந்தாளுநர், அவருக்குக் கீழே நான். ஜனங்களுக்கு வெள்ளைப் புடவை கட்டியவள் எல்லாம் நர்சம்மா. நான் நர்ஸ் இல்லை என்று முதல் வருடம் சொல்லிப் பார்த்தேன். பிறகு நர்சம்மாவாகவே இருந்துவிட்டேன்.

தலைமை மருந்தாளுநர் பெயர் தணிகாசலம். சீஃப் என்று கூப்பிட வேண்டும். அவருடைய மொத்தப் படையும் நான் ஒருத்திதான், ஆனாலும் சீஃப். முழுக்கை வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. நீலம் எழுத. சிவப்பு என்னைத் திருத்த. பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அந்தப் பேனாவைச் சும்மா வைத்திருந்தார், எப்போதாவது மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார்.

அந்தக் காலத்தில் மிக்சர் மருந்தை நோயாளி கொண்டுவரும் பாட்டிலில்தான் ஊற்றுவோம். எண்ணெய் பாட்டில் வரும், சாராய பாட்டில் வரும், ஒருமுறை மை பாட்டில் வந்தது. காகிதத்தை நீளமாக வெட்டி மடித்து ஓரத்தைக் கத்தரித்தால் ஒரே அளவில் பல் விழும். அதைப் பாட்டிலில் ஒட்டினால் ஒரு பல்லுக்கு ஒரு வேளை. நான் வெட்டிய பல்லை சீஃப் ஸ்கேல் வைத்து அளப்பார். நூல் பிசகினாலும் கிழித்துப் போடுவார். வெளியே நாற்பது பேர் இருமிக்கொண்டு நிற்பார்கள்.

அவருக்கு இன்னொரு பைத்தியம் சொல். எந்த மருந்தானாலும் பெயரைப் பிரித்துப் பார்த்தால் அதன் வேலை தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. “பிரிச்சிப் பாரும்மா, பிரிச்சிப் பாரு” என்பார். அன், அல்கோஸ் எல்லாம் அவரிடம் கேட்டதுதான். அந்நாளில் எங்களுக்குச் சாக்குச் சாக்காக வந்த வலி மருந்து அனால்ஜின். அந்தப் பெயருக்குள்ளேயே வலி இல்லாமை இருக்கிறது பார் என்று மாதம் ஒருமுறையாவது சொல்வார். ஜனங்களும் அதைப் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது அண்ணாச்சி மாத்திரை. மளிகைக்கடை அண்ணாச்சி எதற்கு முட்டிவலிக்கு மாத்திரை தருகிறார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கிரேக்கத்தில் இல்லாத சிக்கல் தமிழில் இருந்தது. தூக்க மாத்திரை போட்டால் தூக்கம் வரும். பேதி மாத்திரை போட்டால் பேதி வரும். அப்படியானால் வலி மாத்திரை போட்டால் என்ன வரும்? இதை நான் கேட்கவில்லை. ஒரு பெரியவர் கேட்டார். மாத்திரை வாங்கிப்போய் மூன்று நாள் கழித்து உறையைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தார். உறையில் என் கையெழுத்தில் ‘வலி மாத்திரை’.

“இன்னா எழுதிக்கிற நர்சம்மா?”

“வலி மாத்திரைன்னு.”

“பேரு வெச்சவன் கரெக்டாத்தான் வெச்சிக்கிறான். முன்ன ஒரு முட்டி வலிச்சிது. இப்ப ரெண்டும் வலிக்குது.”

சீஃப் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். பெரியவருக்கு இலக்கணம் நடத்தினார். “அதுல உருபும் பயனும் மறைஞ்சிருக்குதுங்க. வலியைப் போக்கும் மாத்திரை. போக்கும்ங்கிறது உள்ள ஒளிஞ்சிக்கினு கீது.” பெரியவர் உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அது வெளிய வந்ததும் சொல்லி அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து உறைகளில் ‘வலி நிவாரணி’ என்றே எழுத வேண்டும் என்று உத்தரவு. எழுதினேன். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, மீதிப் பேர் உறையைத் தூக்கி எறிந்துவிட்டு மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள்.

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் பின்பகுதி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜில்லா முழுக்க ஜனங்கள் ரோட்டில் இறங்கியிருந்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நின்ற இடத்திலேயே நின்று, தக்காளி அழுகி ரோட்டில் வழிகிறது என்று கேள்விப்பட்டோம். மலையடிவாரத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் எங்கள் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமா என்று யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. என் வேலைக்கான உத்தரவிலேயே இட ஒதுக்கீட்டுக் கணக்கில் ஒரு வரிசை எண் இருந்தது.

டாக்டர் வெள்ளிக்கிழமை கடலூருக்கு வீட்டுக்குப் போனவர் வரவில்லை. அவரோடு போன ஜீப்பும் வரவில்லை. டெலிபோன் செத்துக் கிடந்தது. மறியலில் செத்ததா, முன்பே செத்ததா என்று சொல்ல முடியாது. அது உயிரோடு இருந்த நாட்கள் குறைவு. ஆஸ்பத்திரியில் கூட்டமே இல்லை. பஸ் நின்றால் ஜனங்களுக்கு முட்டிவலி வருவதில்லை என்பதை அந்த வாரம் கண்டுபிடித்தேன்.

மறியலின் மூன்றாம் நாள், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், மலையிலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்தான். பெயர் சடையன். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு சீட்டு. மலைமேல் துணைச் சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸ் மல்லிகா எழுதியது. அவள் திருநாவலூர்ப் பெண், வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சீட்டில் மொத்தமே நான்கு சொல். ‘வலி ஊசி இரண்டு. அவசரம்.’

சடையன் சொன்னான்: “சம்சாரத்துக்குங்க. ரெண்டாவது புள்ள. நேத்துலருந்து கஷ்டப்படுதுங்க.”

சீஃப் சீட்டை வாங்கி, சிவப்புப் பேனாவால் ‘வலி’க்கும் ‘ஊசி’க்கும் நடுவே ஒரு குறி போட்டு, மேலே ‘நிவாரணி’ என்று எழுதிச் சேர்த்தார். “சொல்லச் சொல்ல கேக்க மாட்டேன்றாங்க இந்தப் பொண்ணுங்க. அனால்ஜின் ரெண்டு ஆம்பூல் எடும்மா.”

எனக்கு அங்கேயே ஒரு சந்தேகம் வந்தது. என் பெரியவன் பிறக்கும்போது எனக்கே வலி ஊசி போட்டார்கள். அது வலி வருவதற்கான ஊசி. பிரசவ வார்டில் வலி என்றால் அது ஒன்றுதான். அது வரவேண்டும் என்றுதான் எல்லோரும் காத்துக்கிடப்பார்கள். அதைப் போக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. மல்லிகா கேட்டது அந்த ஊசியாக இருக்குமோ என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, சொல்லவில்லை. அந்த ஊசிக்கு டாக்டர் கையெழுத்து வேண்டும், டாக்டர் இல்லை, சீஃபிடம் வாய் கொடுத்தால் இன்னொரு இலக்கண வகுப்பு நடக்கும், எனக்குப் பசி. நான்கும் காரணம். எது பெரிய காரணம் என்று இத்தனை வருடம் கழித்தும் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

கண்ணாடி ஆம்பூல் உடையாமல் மலையேற்றுவதற்கு ஒரு முறை உண்டு. காலி பவுடர் டப்பாவில் பஞ்சு வைத்து, ஆம்பூலின் கழுத்தைத் தனியாகப் பஞ்சில் சுற்றி, தலைகீழாக இறக்கி, மேலே மறுபடி பஞ்சை அடைத்து மூட வேண்டும். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. நன்றாகத்தான் கட்டிக் கொடுத்தேன். சடையன் டப்பாவைத் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினான். அவன் நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் நாங்கள் அவனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். இன்னோர் ஆள் மலையிறங்கி வந்தான். சடையன் சம்சாரத்தின் அண்ணன், பெயர் ஆண்டி. மூச்சு வாங்கியது. கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “வலி நின்னு போச்சிங்க.”

சீஃப் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “பாத்தியாம்மா? அன். அல்கோஸ். சொன்னேனா இல்லியா?” நானும் சிரித்தேன் என்பதை மறைக்கக் கூடாது. நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. நேற்றைய சந்தேகம் வீண் என்று நினைத்தேன்.

ஆண்டி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். “நோவுதாங்க நிக்கல. வயிறு கல்லாட்டம் கீது. தொடவே வுட மாட்டேன்றா. தூளி கட்டித் தூக்கிக்கினு வராங்க, நான் முன்னால ஓடியாந்தேன். மேல கீற நர்சம்மா வேற ஊசி எடுத்து வைக்கச் சொன்னாங்க.”

சீஃபுக்குப் புரியவில்லை. “வலி நின்னு போச்சின்னியேப்பா?”

“ஆமாங்க.”

“அப்புறம் நோவு நிக்கலன்ற? ரெண்டும் ஒன்னுதானே?”

ஆண்டி அவரை முழுக்கைச் சட்டை முதல் ஷூ வரை ஒருமுறை பார்த்தான். “எப்பிடிங்க ஒன்னாவும்? வலி வரும், போவும். வந்து வந்து போனாத்தான் புள்ள எறங்கும். நோவுன்னா வந்து ஒக்காந்துக்கும். எறங்காது.”

பிள்ளை பெற்றவள் நான். வலி நின்று நோவு நிற்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று புரிய எனக்குக் கிரேக்கம் தேவைப்படவில்லை. பிள்ளை வெளியே வர வழியில்லாமல் உள்ளே சிக்கியிருக்கிறது. கர்ப்பப்பை தள்ளித் தள்ளி ஓய்ந்துவிட்டது, அல்லது கிழியத் தொடங்கிவிட்டது. இதற்கு எந்த ஊசியும் எங்கள் அலமாரியில் கிடையாது. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறக்க வேண்டும். நடுவே ரோடு முழுக்க மரம்.

“ஊசி வேணாம் சீஃப், வண்டி வேணும்” என்றேன். அதுவரை அவரிடம் அந்தக் குரலில் நான் பேசியதில்லை. அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். “எங்கம்மா கெடைக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

கரும்பு ஏற்றும் டிராக்டர் ஒன்று பக்கத்துத் தோட்டத்தில் நின்றது. தோட்டத்துக்காரர் நல்ல மனிதர். முதல் மரம் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன், அதற்கு மேல் டிராக்டருக்கு இறக்கை கிடையாது என்றார். தூளி வந்து சேர்ந்தது. மூங்கிலில் கட்டிய போர்வைக்குள் அந்தப் பெண், பெயர் பூங்காவனம். உதடு வெளுத்திருந்தது. கண்ணைத் திறந்து திறந்து மூடினாள். கூடவே ஓடிவந்த மல்லிகா எங்கள் நர்சுகளோடு சேர்ந்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினாள்: “அக்கா, நான் வலி ஊசி கேட்டா நீங்க வலி ஊசி அனுப்பிக்கிறீங்களே!”

தமிழில் இப்படியொரு வாக்கியத்தை அவளைத் தவிர வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டிராக்டர் டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பிப் படுக்கவைத்தோம். நான், மல்லிகா, சடையன், ஆண்டி. கடைசியில் சீஃப் வந்து ஏறினார். குளுக்கோஸ் பாட்டிலை மாட்ட இடமில்லை. அவரே வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

முதல் மரத்தடியில் இருபது பேர் இருந்தார்கள். ஒருவன் கையைக் காட்டி நிறுத்தினான். “ஆம்புலன்ஸத் தவுர ஒன்னும் வுடக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க நர்சம்மா.”

“இதான் ஆம்புலன்ஸு.”

“இது கரும்பு வண்டி.”

“உள்ள கரும்பா கீது? வந்து பாரு.”

அவன் வந்து எட்டிப் பார்த்தான். “பிரசவமா? வலி வந்துடுச்சா?”

“வந்துது. நின்னு போச்சி.”

மரத்தின் மேல் ஒரு வயதானவர் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பினார். “நின்னு போச்சா? நோவு?”

“அது நிக்கல.”

பீடி கீழே விழுந்தது. “எந்நேரத்துலருந்து?”

“காத்தாலருந்து.”

அவர் மரத்திலிருந்து குதித்தார். அந்த வயதில் குதிக்கக் கூடாது. துண்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, “டேய், அரிவாளக் கீழ போட்டுட்டு வாங்கடா. ரெண்டு பேரு இந்தப் பக்கம், ரெண்டு பேரு அந்தப் பக்கம்” என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தூளியை மறுபடி மூங்கிலில் கட்டி, அவர்கள் வெட்டிச் சாய்த்த மரத்தின் மேலேயே ஏறித் தாண்டினார்கள். வெட்டும்போது யாருக்கும் வராத யோசனை எல்லாம் தாண்டும்போது வந்தது. அந்தக் கிளையைக் கழி, இந்தக் கொம்பை ஒதுக்கு என்று ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வேலை செய்தார்கள்.

அப்புறம் நடைதான். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம் வரை ஒரு கோஷ்டி தூக்கும். அங்கே இருக்கிற கோஷ்டியிடம், கூடவே நடந்து வந்த அந்தப் பீடிப் பெரியவர் “வலி நின்னு போச்சி, நோவு நிக்கல” என்று இரண்டே வார்த்தை சொல்வார். தோள் மாறும். ஒவ்வொரு மரத்திலும் நான் பார்த்தேன், விளக்கம் கேட்டவன் ஒருவன்கூட இல்லை. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் அது அன்று காலை வரை ஒரே சொல்லாக இருந்தது.

சீஃப் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஒரு கையில் ஷூ, இன்னொரு கையில் பாட்டில். கை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மாற்றித் தர மறுத்துவிட்டார். நடுவழியில் அந்தப் பெரியவரிடம் மெதுவாகக் கேட்டார்: “இது ரெண்டும் வேறன்னு உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?”

“நான் பள்ளிக்கூடம் போவலீங்க” என்றார் பெரியவர். அவர் கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார்: “என் மொத சம்சாரம் இப்பிடித்தான். வலி நின்னுதுன்னு சந்தோசப்பட்டோம்.” அதற்குப் பிறகு சீஃப் ஊர் வந்து சேரும்வரை எந்தச் சொல்லையும் பிரிக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் போய்ச் சேர்ந்த அரை மணியில் ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளை குறுக்கே கிடந்திருக்கிறது. கர்ப்பப்பை கிழியத் தொடங்கியிருந்தது. பிள்ளை உயிரோடு இல்லை. தாய் பிழைத்தாள். ஆபரேஷன் செய்த லேடி டாக்டர் வெளியே வந்து கேட்டார்: “மேல என்ன ஊசி போட்டாங்க?” சீஃப் சொன்னார். “நல்லவேளை. வலி வர ஊசி போட்டிருந்தீங்கன்னா அங்கேயே வெடிச்சிருக்கும், மலையைவிட்டே எறங்கியிருக்க மாட்டா. சரியா முடிவெடுத்தீங்க” என்றார்.

நாங்கள் முடிவு எதுவும் எடுக்கவில்லை. சீட்டைத் தப்பாகப் படித்தோம். மல்லிகா கேட்டதைச் சரியாகப் படித்துச் சரியாக அனுப்பியிருந்தால் அந்தப் பெண் செத்திருப்பாள். எங்கள் டாக்டர் கடலூரிலிருந்து திரும்பிவந்து இந்தத் தப்பைப் பாராட்டி மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். சீஃப் அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தார். அலமாரியில் இரண்டு தட்டுகளுக்கு மேலே சுண்ணாம்புக்கட்டியால் கொட்டை எழுத்தில் எழுதினார். ஒன்றில் ‘வலி வர’. இன்னொன்றில் ‘வலி போக’. ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, அரசாங்கம் எதற்கு வலியை ஸ்டாக் வைக்கிறது என்று கேட்டாராம். சீஃப் அதை அழிக்கவில்லை.

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கிய அன்று நான் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். பூங்காவனம் எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இன்னார் என்று சொன்னேன்.

“நீங்கதான் ஊசி குடுத்தனுப்புனதா?”

“ஆமா.”

“கேக்கவே இல்லம்மா.”

மருந்து வேலை செய்தால் கேட்டது என்போம், செய்யாவிட்டால் கேட்கவில்லை என்போம். லேடி டாக்டர் அந்த ஊசியைப் பாராட்டிவிட்டார், எங்கள் டாக்டர் பாராட்டப்போகிறார், யாருக்குக் குத்தினார்களோ அவளை மட்டும் ஒருவரும் விசாரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சடையன் என் கவுன்டர் முன்னால் பத்து நிமிடம் நின்றான். விட்டு விட்டு வருதா, ஒரேயடியா இருக்குதா, பிள்ளை எப்படிக் கிடக்குது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு நாள் முன்னாலேயே கீழே இறக்கியிருக்கலாம். அந்தப் பிள்ளை பிழைத்திருக்கலாம். இதை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் டம்ளரில் தண்ணீரும் காகிதத்தில் ஒரு மாத்திரையும் தொடாமல் இருந்தன.

“மாத்திரை போட்டுக்கலியா?”

“இது மட்டும் கேக்குமா?”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “எங்க நோவுது, சொல்லு” என்றேன்.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். மாமியார் கஞ்சி வாங்கப் போயிருந்தாள். என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“பொறந்தது பொண்ணாம்மா, பையனா? எங்காளுங்க ஒருத்தரும் சொல்ல மாட்டேன்றாங்க.”

சொன்னால் அழுவாள், தையல் பிரியும் என்று வீட்டார் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்களாம். எனக்கும் தெரியாது. அன்று வராண்டாவில் நின்றவர்களில் நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எழுந்து வார்டு கோடியில் இருந்த நர்சிடம் போனேன். அவர் நோட்டைத் திருப்பி, விரல் வைத்துப் பார்த்துச் சொன்னார். திரும்பி வந்தேன்.

“பொண்ணு” என்றேன்.

பூங்காவனம் குனிந்து மடியைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். மாத்திரையைக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் கேட்டாள்.